அடுப்பு எரிவது ஏப்ரலில்

டிசம்பர் கடைசி வாரத்தில் டாபோலிமிலும் மோபாவிலும் வந்திறங்கும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி இப்போது கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. கடல் அலுத்த மறுநாள் கார் பிடித்து உள்ளே போகிறது, ஃபெனி எப்படித் தயாராகிறது என்று பார்க்க. மரத்தடியில் மேசை போட்டிருக்கும். சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். வழிகாட்டி இளைஞர் முந்திரி மரத்தைக் காட்டுவார். மரத்தில் பழம் இருக்காது. பழம் மிதிக்கும் தொட்டியைக் காட்டுவார். அது காய்ந்து கிடக்கும். செம்புப் பானையைக் காட்டுவார். அடியில் தீ இருக்காது. கடைசியில் கோப்பையில் ஊற்றித் தருவது மட்டுமே நிஜம்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. கோவாவில் முந்திரி பழுப்பது பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே மாதம் வரைதான். பழம் இருக்கும்போதுதான் வடிக்க முடியும். பழத்தைச் சேமித்து வைக்க முடியாது. விழுந்த மறுநாளே புளிக்கத் தொடங்கிவிடும். சுற்றுலாப் பருவமோ அக்டோபரில் தொடங்கி, வெயில் ஏற ஏற மார்ச்சில் ஓய்ந்துவிடுகிறது. ஒன்று மூட்டை கட்டும் நேரத்தில் மற்றது அடுப்பு மூட்டுகிறது. ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிசாலையைப் பார்க்கப் போகிறவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. பார்லி கிடங்கில் இருக்கிறது, பானை அநேகமாக வருடம் முழுவதும் கொதிக்கிறது. முந்திரிப்பழம் அந்த மாதிரி சொன்னபடி கேட்கும் சரக்கு அல்ல.

கடந்த சில வருடங்களில் ஃபெனிக்கு வந்திருக்கும் மவுசையும், அந்த மவுசில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியையும் புரிந்துகொள்ள இந்தப் பருவக் கோளாறே சரியான இடம். கோப்பை பிரபலமாகிவிட்டது. அடுப்பு இன்னும் பிரபலமாகவில்லை.

முந்திரி இந்த மண்ணுக்கு வந்த விருந்தாளி. பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்கவே நட்டார்கள் என்று சொல்வதுண்டு. காஜு என்ற பெயரே பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசிய மொழி வழியாக வந்ததுதான். ஆனால் பழத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சிச் சொட்டு சொட்டாக வடிக்கும் வித்தை கோவாக்காரர்களின் கைவரிசை. தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்க முன்பே தெரிந்திருந்த கைகள், புதிதாக வந்த பழத்தையும் அதே பானையில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தென்னை ஃபெனி இன்றும் தெற்குக் கோவாவில் உண்டு. அதற்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் மரம் ஏற ஆள்தான் வேண்டும். அந்த ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. பனையேறியின் வீட்டில் அடுத்த தலைமுறை என்ன ஆயிற்று என்று தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முந்திரி ஃபெனிக்கு முதல் விதி: பழத்தைப் பறிக்கக்கூடாது. தானாகப் பழுத்து விழுந்ததையே பொறுக்க வேண்டும். விழுந்த பழத்தில்தான் சர்க்கரை முழுதாக ஏறியிருக்கும். விடியற்காலையில் கூடையோடு குடும்பம் குடும்பமாக மலைச்சரிவில் ஏறுகிறார்கள். பழத்தின் அடியில் தொங்கும் கொட்டையை அங்கேயே திருகி எடுத்துவிடுகிறார்கள். கொட்டை ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். பெரிய பணம் கொட்டையில்தான். மற்ற முந்திரி நாடுகளில் பழத்தின் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டில் மே மாதம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மிதிபட்டு அழுகும் பழம், அதை மொய்க்கும் ஈ, தொண்டையைக் கரகரக்கவைக்கும் அந்த வாசனை. கோவாவில் அந்த வாசனைக்கு விலை இருக்கிறது.

பழத்தை நசுக்கும் இடத்துக்குக் கொளம்பி என்று பெயர். பாறையைக் குடைந்து செய்த தொட்டி. அதில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். இப்போது பல இடங்களில் இதற்கு இயந்திரம் வந்துவிட்டது. சிமெண்டுத் தொட்டியும் வந்துவிட்டது. மிதித்து முதல் சாறு ஓடிய பிறகு சக்கையைக் குவியலாகக் கட்டி, மேலே கல்லைப் பாரமாக ஏற்றி வைக்கிறார்கள். இரவு முழுவதும் அதிலிருந்து தெளிவாக ஒரு சாறு கசியும். அதன் பெயர் நீரோ. பெயரைக் கேட்டதும் நமக்கு நீராவும் பதநீரும் நினைவுக்கு வரும். குணமும் ஏறக்குறைய அதுதான். போதை கிடையாது, இனிப்பு உண்டு. காலையில் குடித்தால் அமிர்தம், வைத்திருந்தால் மாலைக்குள் புளித்துவிடும். பாட்டிலில் அடைத்து ஊருக்கு எடுத்துப் போகலாம் என்ற ஆசையெல்லாம் பலிக்காது. ஃபெனி பார்க்க வருகிறவர் வேறு எங்கும் வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். டிசம்பரில் வருகிறவருக்கு அதுவும் இல்லை.

மிதித்து எடுத்த சாறு புளிக்கப் போகிறது. முன்பெல்லாம் இதற்கு மண்பானை, கழுத்துவரை மண்ணில் புதைத்தது. அதன் பெயர் கொடெம். நம் குடத்துக்கு ஒன்றுவிட்ட உறவு போல ஒலிக்கிறது. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் பீப்பாய். சர்க்கரை சேர்ப்பதில்லை, ஈஸ்ட் சேர்ப்பதில்லை, தண்ணீரும் சேர்ப்பதில்லை. பழத்தின் மேலும் காற்றிலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று நாளில் சாறு நுரைத்துப் பொங்கி அடங்குகிறது. அடங்கிய நேரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி கிடையாது. பானையில் காதை வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பட்டி. தமிழில் பட்டி என்றால் ஊர், இல்லாவிட்டால் ஆடுகளை அடைக்கும் இடம். கொங்கணியில் அது அடுப்பு. அடுப்பு இருக்கும் வடிப்பிடத்துக்கும் அதே பெயர். ஓலையோ தகரமோ வேய்ந்த ஒரு கொட்டகை, பக்கத்தில் ஓடை அல்லது கிணறு. இதுதான் வடிசாலை. பெயர்ப்பலகை இருக்காது. புளித்த சாறு பாண் என்ற பானைக்குள் போகிறது. முன்பு மண், பிறகு செம்பு. வாயை மூடி, இடுக்குகளைக் களிமண்ணாலும் துணியாலும் அடைத்து, அடியில் விறகை மூட்டுகிறார்கள். ஆவி ஒரு குழாய் வழியாக லவ்ணி என்ற இன்னொரு பானைக்குள் போகிறது. அது குளிர்ந்தால்தான் ஆவி துளியாகும். எனவே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சி அகப்பையால் அந்தப் பானை மேல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் வெயில், பக்கத்தில் அடுப்பு, மணிக்கணக்கில் ஒரே வேலை. பிற்காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் செம்புச் சுருளை இறக்கி இந்த வேலையைப் பலர் மிச்சம் பிடித்துவிட்டார்கள். பழைய முறையில் வடித்தது தனி ருசி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அகப்பையைப் பிடிக்காதவர்கள்.

தீயை அளவாக வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. அதிகமானால் சாறு அடிப்பிடித்துக் கருகல் வாசனை வடிப்பில் இறங்கிவிடும். குறைந்தால் ஆவி எழும்பாது. வலுவை அளப்பதற்குக் க்ராவ் என்ற போர்ச்சுகீசியக் கணக்கு இன்னும் வழக்கில் இருக்கிறது. மிதக்கும் கண்ணாடிக் கருவி ஒன்றை உள்ளே விட்டு, நல்ல ஃபெனி 19, 20 க்ராவ் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கருவி இல்லாதவருக்கு நுரை இருக்கிறது. வடித்ததை உயரத்திலிருந்து ஊற்றினாலோ குலுக்கினாலோ முத்து முத்தாகக் குமிழ் எழும். அது எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து வலுவைச் சொல்லிவிடுவார்கள். ஃபெனி என்ற பெயரே நுரையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தமிழ் அகராதியைப் புரட்டினால் பேனம் என்ற சொல்லுக்கு நேரே நுரை என்று இருக்கும். கொங்கணத்தில் குடிக்கிறார்கள், நாம் அகராதியில் வைத்திருக்கிறோம்.

முதல் வடிப்புக்கு உர்ராக் என்று பெயர். வலு குறைவு, சுமார் 15 சதவீதம். பழத்தின் மணம் அப்படியே இருக்கும். எலுமிச்சை பிழிந்து, கீறிய பச்சை மிளகாய் ஒன்றைப் போட்டு, உப்புச் சிட்டிகையோடு ஏதாவது எலுமிச்சை சோடாவை ஊற்றிக் குடிப்பது வழக்கம். அதிக நாள் வைத்திருந்தால் ருசி கெட்டுவிடும். ஆகவே உர்ராக் மார்ச்சிலிருந்து மே வரை கோவாக்காரர்களின் சொந்த விஷயம். வெளியூர்க்காரர் பெரும்பாலும் பெயரைக்கூடக் கேட்காமல் திரும்பிவிடுகிறார். இந்த உர்ராக்கோடு புதிதாகப் புளித்த சாற்றைக் கலந்து மறுபடி வடித்தால் கசுலோ. அதையும் ஒரு முறை வடித்தால் ஃபெனி. இது பழைய கணக்கு. இன்று இரண்டாவது வடிப்போடு நிறுத்தி அதையே ஃபெனி என்கிறார்கள். வலு 40 சதவீதத்துக்கு மேல்.

விஸ்கியைப் போல இதை மரப்பீப்பாயில் போட்டு நிறம் ஏற்றுவது மரபல்ல. கர்ராஃபாவ் என்ற பெரிய வயிற்றுக் கண்ணாடிக் குடுவையில் வைத்திருப்பார்கள். பழைய கோவா வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒன்றாவது இருக்கும். குடிப்பதற்கு மட்டுமல்ல, சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் தடவ, பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்க, பெரியவர்களுக்கு வயிறு சரியில்லாவிட்டால் ஒரு மடக்கு. துக்‌ஷிரி என்ற வேரை ஊறவைத்த ஃபெனிக்குத் தனி மதிப்பு உண்டு. அது வேறொன்றுமில்லை, நன்னாரி. சென்னை வெயிலில் சர்பத்தாகும் வேர் அங்கே வேறு வழியில் போயிருக்கிறது.

இப்படி வீட்டுக்குள் மரியாதையோடு இருந்த பொருளுக்குச் சட்டத்தில் இருந்த இடம் வேறு. 1961-இல் கோவா இந்தியாவோடு இணைந்த பிறகு, 1964-இல் வந்த ஆயத்தீர்வைச் சட்டத்தின் கீழ் ஃபெனி ‘நாட்டுச் சாராயம்’. அந்த ஒரு முத்திரை போதும். மற்ற மாநிலங்களின் மதுக்கடைகளில் அதற்கு இடமில்லை. கரும்புச் சக்கைப்பாகிலிருந்து எடுத்த ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் சேர்த்து விஸ்கி என்று பெயரிட்டால் அதற்கு ‘இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது’ என்ற விசித்திரமான பட்டமும், எல்லா மாநிலங்களுக்கும் போகும் வழியும் கிடைத்தன. பழத்தை மட்டுமே நம்பி, சர்க்கரைகூடச் சேர்க்காமல் வடித்தது கோவா எல்லையைத் தாண்ட முடியாமல் நின்றது.

முத்திரை மாற நாளாயிற்று. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவா பெற்ற முதல் குறியீடு அது. 2016-இல் மாநிலச் சட்டமன்றம் ஆயத்தீர்வைச் சட்டத்தைத் திருத்தி, ஃபெனியைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது. 2021-இல் ஃபெனிக்கென்றே ஒரு கொள்கை வந்தது. மற்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் என்ன பெயர் வைக்கின்றன என்பது அவரவர் பாடு. ஆனால் கோவாவுக்குள் ஃபெனி தலைநிமிர்ந்துவிட்டது. ஐந்து நட்சத்திர விடுதியின் மது மேடையில் ஜின்னுக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் கிடைத்தது. அழகான பாட்டில், அழகான லேபிள். அதன் பின்னாலேயே வந்தவர்கள்தான் பார்வையாளர்கள்.

இன்றைக்கு வாய்ப்புகள் பலவிதம். தெற்குக் கோவாவில் கர்ராஃபாவ்களை வரிசையாக அடுக்கிய நிலவறையில் வைத்துச் சுவைக்கத் தருகிறார்கள். ஓடைத் தண்ணீரில் காலை நனைத்தபடி சுவைக்கும் ஏற்பாடும் உண்டு. காண்டோலிமில் 2021-இல் ஃபெனிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய குடுவைகள், கோப்பைகள், அளவைகள் என்று ஒரு தனி மனிதரின் சேகரிப்பு. 2023 ஏப்ரலில் பணஜியில் வன மேம்பாட்டுக் கழகம் முந்திரித் திருவிழாவே நடத்தியது. குங்கோலிமில் பால் ஜான் மால்ட் விஸ்கி வடிசாலையும் பார்வையாளர்களை வரவேற்கிறது. அது வேறு சாதி, பெரிய ஆலை, அங்கே ஸ்காட்லாந்து முறையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

இந்தச் சுவைப்பு அமர்வுகளைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவை ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன. ஃபெனி என்றால் நாற்றம், தலைவலி, ஒரு தடவை குடித்தால் ஜென்மத்துக்கும் போதும் என்பதுதான் வெளியூர்க்காரர் பலரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் கடற்கரைச் சாலைக் கடைகளில் எழுதப்பட்டது. முந்திரிக்கொட்டை வடிவப் பாட்டில், தேங்காய் வடிவப் பாட்டில், உள்ளே இருப்பது எது என்று கேட்காமல் வாங்கிப் போகும் கூட்டம். மலிவான ஆல்கஹாலைக் கலந்து ஃபெனி என்று விற்பது நெடுநாள் வியாதி. நல்ல சரக்கையும் சுமாரானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் முகரச் சொல்லி, பிறகு நாக்கில் வைக்கச் சொல்லி, பிறகு தண்ணீர் சேர்த்து மறுபடி முகரச் சொல்லும்போது வந்தவருக்கு வித்தியாசம் தெரிகிறது. தெரிந்தவர் அடுத்த தடவை கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்பார். கலப்படத்துக்கு எதிராக அதிகாரிகள் செய்வதைவிட இது அதிகம் சாதிக்கும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நிலவறைக்குப் போகிறவருக்குப் பட்டி தெரிவதில்லை. பட்டிகள் இருப்பது சத்தரி, பெர்ணே, சாங்கே, காணகோண் போன்ற உள் தாலுகாக்களின் மலையோரங்களில். பலருக்கு மரம் சொந்தமில்லை. வருடா வருடம் பருவத்துக்கு முன்னால் முந்திரி வட்டாரங்களுக்கு ஏலம் நடக்கிறது. சாராயக்கடை ஏலங்களைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏலம் எடுத்தவர் மூன்று மாதத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். விறகு, கூலி, பொறுக்குபவர்களுக்கு விலை எல்லாம் கைக்காசு. வடித்ததில் பெரும்பகுதி பீப்பாயாகவே கைமாறிவிடுகிறது. லேபிள் ஒட்டுபவர் வேறு, அடுப்பு ஊதுபவர் வேறு. பாரம்பரியம் என்ற பட்டம் லேபிளில் ஏறியிருக்கிறது; அடுப்புக்காரரின் கையில் அதனால் எவ்வளவு கூடியது என்று சுற்றுலா வழிகாட்டி சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

போதாக்குறைக்கு வானமும் முன்போல் இல்லை. பூக்கும் நேரத்தில் மேகமூட்டமோ காலம் தவறிய மழையோ வந்தால் பூ கருகிக் காய்ப்பு சரிகிறது. 2023 மார்ச்சில் மாதேய் சரணாலயப் பகுதியிலும் சுற்றிலும் மூண்ட காட்டுத் தீயில் முந்திரித் தோப்புகளும் எரிந்தன. சரியாகப் பழம் விழும் நேரம் அது. நிலத்தின் விலையும் சும்மா இருக்கவில்லை. கடல் தெரியும் சரிவில் நூறு முந்திரி மரம் தருவதைவிட ஒரு விடுமுறை பங்களா அதிகம் தருகிறது. ஃபெனியைச் சுவைத்து மயங்கி, இங்கேயே ஒரு வீடு வாங்கினால் என்ன என்று நினைக்கும் பயணியும் இந்தக் கணக்கில் ஒரு பங்குதாரர்தான்.

பிள்ளைகள் இதற்கு வரத் தயாராக இல்லை என்பது பட்டிக்காரர்களின் பொதுப் புலம்பல். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் வேலை, அதுவும் புகையில். மற்ற ஒன்பது மாதத்துக்கு வேறு பிழைப்பு வேண்டும். அந்த ஒன்பது மாதத்துப் பிழைப்பு நன்றாக இருந்தால் மூன்று மாத வேலையை விட்டுவிடத் தோன்றும். சம்பளத்தோடு மரியாதையும் ஒரு பிரச்சினை. ‘எங்கப்பா சாராயம் காய்ச்சுகிறார்’ என்று பள்ளியில் சொல்வதற்கும் ‘பாரம்பரிய மது தயாரிக்கிறார்’ என்று சொல்வதற்கும் நடுவே 2016-ஆம் வருடத்துச் சட்டத்திருத்தம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடங்கள் சட்டத்திருத்தங்களைப் படிப்பதில்லை.

கோவாவுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. மத்திய இந்தியாவில் மஹுவா, அதாவது நம் இலுப்பையின் நெருங்கிய சொந்தம், இதே வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. 1892-இல் பம்பாய் மாகாணத்தில் வெள்ளையர் அரசு மஹுவாப் பூவைச் சேகரிப்பதற்கே கட்டுப்பாடு போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2022-இல் மத்தியப் பிரதேச அரசு அதே பூவில் வடித்த மதுவைப் பாரம்பரிய மது என்று அறிவித்து, தயாரிக்கும் உரிமையைப் பழங்குடியினரின் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்க முன்வந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் அலட்சியமாகச் சொன்ன பூ. அங்கே ஒரு விஷயத்தை யோசித்திருக்கிறார்கள்: பட்டத்தை லேபிளோடு நிறுத்தாமல், காய்ச்சுகிறவர்களின் பெயரில் எழுதப் பார்க்கிறார்கள். எந்த அளவுக்கு நடக்கும் என்பது வியாபாரத்தில்தான் தெரியும்.

கோவாவில் அந்த வேலையைப் பார்வையாளர்களால் ஓரளவு செய்ய முடியும், தேதியை மாற்றிக்கொண்டால். ஏப்ரலில் கோவா வசதியான ஊர் அல்ல. வியர்வை வழியும், விடுதி அறை மலிவாகக் கிடைக்கும், கடற்கரை பாதி காலியாக இருக்கும். வால்பயி பக்கமோ நேத்ராவளி பக்கமோ போனால் பட்டி எங்கே என்று விசாரிக்க வேண்டியதில்லை. சாலைத் திருப்பத்திலேயே வாசனை வந்து கூப்பிடும். சில உள்ளூர் இளைஞர்கள் இப்போது சின்னக் குழுக்களை இந்த மாதங்களில் அழைத்துப் போகிறார்கள். காலையில் பழம் பொறுக்க விடுகிறார்கள். ஆர்வமுள்ளவர் மிதிக்கவும் செய்யலாம். சாறு பட்ட காலைப் பாறையில் தேய்த்துத்தான் கழுவ வேண்டியிருக்கும். பத்து மணிக்கு நீரோ. மதியம் அடுப்படியில், லவ்ணியிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான உர்ராக் ஒரு மடக்கு. அதற்கு மேல் ஆசைப்படுகிறவர் ஸ்கூட்டர் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மலைச்சாலை வளைவுகள் உர்ராக்கை மன்னிப்பதில்லை.

அடுப்பைப் பார்க்கிறவர் அடுப்புக்காரருக்கே காசு கொடுக்கும் ஏற்பாடு இந்த மாதங்களில்தான் சாத்தியம். பட்டிக்காரர் ஒரு நாளில் நாலு குழுவுக்கு இடம் கொடுத்தால், அது ஒரு வடிப்பின் கூலியைத் தாங்கும். இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கேமராவுக்காக மிதிக்கத் தொடங்கினால் மிதிப்பு கெட்டுவிடும். கூட்டத்துக்காகத் தீயைக் கூட்டினால் சரக்கு கருகிவிடும். இரண்டு வருடம் கூட்டத்தைப் பார்த்த பட்டிக்காரர், காய்ச்சுவதை விட்டுக் காட்டுவதை மட்டும் செய்யலாமே என்று நினைக்கவும் கூடும். அப்படி நினைத்தாலும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. நிழலில் உட்கார்ந்து பேசுவது அகப்பையால் தண்ணீர் ஊற்றுவதைவிட எளிது.

சுவைப்பு அமர்வுக்குப் போகும் டிசம்பர்க்காரருக்கும் செய்ய வேலை இருக்கிறது. எந்த மலைப் பழம், யார் பட்டி, எந்த வருடத்து வடிப்பு என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். சில தயாரிப்பாளர்கள் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பட்டிக்காரரின் ஊரைக்கூடச் சொல்கிறார்கள். பதில் வராத இடத்தில் ஓடையும் மேசையும் எவ்வளவு அழகாக இருந்தாலும், கோப்பையில் இருப்பது அனாதைச் சரக்கு.

ஜூன் முதல் வாரத்தில் மழை இறங்கும். அதற்குள் கடைசி வடிப்பை முடித்தாக வேண்டும். செம்புப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். கொளம்பியில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை குடியேறும். பட்டிக்காரர் வயலுக்கோ, டாக்சிக்கோ, ஹோட்டல் வேலைக்கோ போய்விடுவார். டிசம்பரில் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வரும் பயணி, ஃபெனி எங்கே நன்றாக இருக்கும் என்று டாக்சிக்காரரிடம் விசாரிக்கிறார். முன்சீட்டில் இருப்பவர் வடித்ததாகவே அது இருக்கலாம்.